சவரிமுத்து நினைவு ஏ.டி.எம்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவரிடம் 'இல்லை' என்ற சொல்லை எங்கள் குடும்பத்தார் யாரும் சொன்னது கிடையாது. பெருமைக்காக இதை நான் எழுதுவது அல்ல. காளையார்கோவில் ரோட்டில் எந்த ஊரில் இறங்கிக் கேட்டாலும் சொல்வார்கள். அடுக்களையில் அரிசி தீர்ந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் "அரிசி நெறைஞ்சிருக்கு" என்பார்கள். என் தகப்பனார் சவரிமுத்து இந்த விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. ஆட்டைத் தொலைத்தவன் வந்து, "எங்க ஆடு உங்க கொல்லைக்கு வந்துச்சாய்யா?" என்று கேட்டால், "வரும், உக்காரு" என்று மோர் கொடுப்பார். பொழுது சாயும்வரை உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

நான் முப்பத்தொரு வருஷம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் இடம் கேட்டு வந்த ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பியது கிடையாது. ஆறாம் வகுப்பில் ஒரு வருஷம் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வேப்பமரத்தடியில் படித்தார்கள். கல்வி அதிகாரி கண்டித்தார். அவர் வீட்டுப் பழக்கம் அப்படி.

1998-ஆம் வருஷம் ஒரு பெரிய வங்கி எங்கள் வீட்டைத் தேடி வந்தது. அதன் பெயரை இங்கே எழுதி அதற்குக் கௌரவம் சேர்க்க நான் விரும்பாதவன். வந்தவர் லூர்து பிரகாஷ், மண்டல நவீனமயமாக்கல் அதிகாரி. காரைக்குடியில் அவருக்குக் குளிர்பதன அறையும், அந்த அறைக்கு வெளியே நிற்க ஒரு சிப்பந்தியும் உண்டு என்று அவரே சொன்னார்.

"ஐயா, பதினெட்டு ஊர் சுத்திட்டோம். தெருவைப் பார்த்த அறை, சிமெண்டுத் தரை, கம்பிக் கதவு, மூணும் சேர்ந்து உங்க வீட்டுலதான் இருக்கு. இங்க ஒரு ஏ.டி.எம். எந்திரம் வைக்கலாம்னு தலைமை அலுவலகத்துல முடிவு பண்ணியிருக்கோம். அட்டையைச் செருகினா பணம் வரும்."

எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு தொலைபேசி, அஞ்சலகத்தில். மழைக்காலத்தில் அதில் தவளைச் சத்தம் மட்டும் கேட்கும்.

"அதுக்குத் தொலைபேசிக் கம்பி வேணுமாமே?" என்றேன்.

"கட்டாயம் வேணும்யா. அதை ரெண்டாம் கட்டத்துல வச்சிருக்கோம். முதல் கட்டம் எந்திரம்."

வாடகை பேச வந்தார். எங்கள் குடும்பம் அறையை வாடகைக்கு விட்டுச் சாப்பிட்ட குடும்பம் அல்ல. சும்மாவே கொடுத்தேன். ஒரே நிபந்தனை, அறைக்கு என் தகப்பனார் பெயர் வைக்க வேண்டும். வங்கி உடனே ஒப்புக்கொண்டது. கதவுக்கு மேல் கருங்கல்லில் 'சவரிமுத்து நினைவு ஏ.டி.எம்.' என்று பொறித்தார்கள். இயந்திரம் தரும் துண்டுச் சீட்டின் தலையிலும் அந்தப் பெயரே அச்சாகும் என்றார்கள்.

என் மனைவி சூசைமேரிதான் முகம் சுளித்தாள். "செத்து மோட்சம் போன மனுசனை இப்ப எதுக்குப் பேங்கு வேலைக்கு அனுப்புறீக?"

திறப்பு விழாவுக்குப் பந்தல், வாழைமரம், நாதஸ்வரம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். லூர்து பிரகாஷ் நாற்பது நிமிஷம் பேசினார்.

"தொடர்பு இருக்கிற ஊருல எந்திரம் வைக்கிறது ஒரு சாதனையா? அதை யார் வேணும்னாலும் செய்வாங்க. தொடர்பே இல்லாத ஊருல எந்திரம் வைக்கணும்னா அதுக்கு ஒரு துணிச்சல் வேணும். அந்தத் துணிச்சல் எங்க வங்கிக்கு இருக்கு. இது வேலை செய்யுமான்னு சிலர் கேட்டாங்க. வேலை செய்யறது செய்யாதது தொழில்நுட்பப் பிரிவோட பொறுப்பு. வைக்கிறது எங்க பொறுப்பு. நாங்க வச்சுட்டோம்!"

கைதட்டல் அடங்கியதும் தன் அட்டையைச் செருகினார். இயந்திரம் ஒருமுறை கனைத்தது. பிறகு பச்சை எழுத்தில் வந்தது: 'தொடர்பு இல்லை. விவரம் இல்லை. பணம் இல்லை.' கூடவே ஒரு சீட்டு வெளியே நீண்டது. தலையில் 'சவரிமுத்து' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே மூன்று வரி.

"பார்த்தீங்களா!" என்றார் லூர்து பிரகாஷ். "எவ்வளவு நேர்மையா பதில் சொல்லுது!"

நான் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஒக்கூரிலிருந்து மெய்யம்மை ஆச்சி வந்தார். எண்பது தாண்டியவர். மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தை எடுக்க அட்டை வைத்திருந்தார். அட்டையைச் செருகிப் பார்த்துவிட்டு, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏன் ஞானசேகரு, ஒங்க அப்பாரு இருந்த வரைக்கும் வாய் தவறிக்கூட இந்தச் சொல்லைச் சொன்ன மனுசன் இல்லையே. செத்தப்புறம் கொணம் மாறிப்போச்சா?"

என் அறுபத்தாறு வருஷ வாழ்க்கையில் நான் தலைகுனிந்தது அன்றைக்குத்தான். ஊரில் பிள்ளைகள் ஒருவரையொருவர் மிட்டாய் கேட்டால், "சவரிமுத்து" என்று பதில் சொல்லிவிட்டு ஓடினார்கள்.

காரைக்குடிக்குப் போனேன். இயந்திரம் பணம் தரட்டும், தராமலிருக்கட்டும், அந்தச் சொல்லை மட்டும் என் தகப்பனார் பெயருக்குக் கீழே போடக் கூடாது என்றேன். லூர்து பிரகாஷ் மிகவும் யோசித்தார். வாசகத்தை மாற்ற ஒரு குழு அமைக்க வேண்டும் என்றார். ஏழு பேர் கொண்ட குழு ஐந்து முறை கூடியது. இரண்டு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் முடிவு வந்தது. இனிமேல் இயந்திரம் 'தற்காலத்தில் வழங்கற்பொருள் இன்மை நிலவுகின்றது' என்று சொல்லலாம் என்று பரிந்துரைத்திருந்தார்கள்.

நான் சிவப்பு மையால் திருத்தி அனுப்பினேன். "இது அந்தச் சொல்லின் பெரியப்பா. இவரும் எங்கள் வீட்டுக்கு வேண்டாம். இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள்."

லூர்து பிரகாஷ் ஓடி வந்தார். "எடுக்கிறதா? ஐயா, தொடர்பில்லாத இடத்துல எந்திரம் வச்ச வங்கி நாங்க ஒண்ணுதான்னு ஆண்டறிக்கையில படத்தோட போட்டிருக்கோம். எடுத்தா அடுத்த வருஷ அறிக்கையில என்ன போடுறது? எந்திரம் இங்கயே இருக்கும். தொடர்பை நாங்க கொண்டு வர்றோம்."

தொடர்பு பஸ்ஸில் வந்தது. தினமும் காலையில் காரைக்குடி அலுவலகம் எல்லோருடைய கணக்கையும் ஒரு பிளாப்பித் தகட்டில் ஏற்றும். அதை ஒரு டிபன் டப்பாவில் வைத்து, கண்டக்டர் சாதிக் அலியிடம் கொடுப்பார்கள். அவர் எங்கள் ஊரில் இறக்குவார். நான் வாங்கி இயந்திரத்தின் பின்பக்கம் செருக வேண்டும். நேற்றைய கணக்கு இன்றைக்கு வரும். இந்த இடைவெளியைச் சமாளிக்க வங்கி ஓர் அறிவிப்பு ஒட்டியது: 'பேருந்து வந்து சேரும்வரை வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கிலும் வாழ்க்கையிலும் மாறுதல் எதுவும் நிகழாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

பதினோரு நாள் நன்றாகவே நடந்தது. பன்னிரண்டாம் நாள் தேவாலயத் திருவிழா. ஒலிபெருக்கிப் பெட்டிகள் அதே பஸ்ஸில் வந்தன. டப்பாவைப் பத்திரமாக வைப்பதாக நினைத்து, சாதிக் அலி அதைப் பெரிய ஒலிபெருக்கியின் காந்தத்தின்மேல் வைத்துவிட்டார். டப்பாவும் அசையாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. "ரோடு குலுக்குன குலுக்குல இம்புட்டு நாளும் இப்படி நிம்மதியா வந்ததே இல்லை சார்" என்று சந்தோஷமாகக் கொடுத்தார்.

காந்தம் தகட்டைத் துடைத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. மெய்யம்மை ஆச்சி அட்டையைச் செருகினார். 'இப்படி ஒருவர் இல்லை' என்றது இயந்திரம்.

ஆச்சி நிதானமாகப் படித்தார். "அன்னைக்கு எனக்குப் பணம் இல்லைன்னுச்சு. பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு நானே இல்லையாம். ஞானசேகரு, நாளைக்கு ஒக்கூரே இல்லைன்னு சொல்லிச்சின்னா நான் எங்குட்டுப் போயி இறங்குவேன்?"

இதற்கெல்லாம் வங்கி அவமானப்படாது. ஆனால் நான் படுவேன். மறுபடியும் காரைக்குடி. இந்த முறை தொழில்நுட்பத்தின் உச்சத்துக்கே போவதாக லூர்து பிரகாஷ் சொன்னார். திட்டத்தின் பெயர் 'உயிருள்ள இணைப்பு'. ஐயனார் என்ற குமாஸ்தாவை ஒரு கணக்குப் புத்தகத்தோடும் பணப்பெட்டியோடும் அனுப்பி, இயந்திரத்தின் முதுகுக்குப் பின்னால், எங்கள் நெல் அறையில் உட்கார வைத்தார்கள். வாடிக்கையாளர் அட்டையைச் செருகுவார். ஐயனார் உள்ளே அதை உருவி, பெயர் படித்து, புத்தகத்தில் பார்த்து, நோட்டைப் பிளவு வழியாகத் தள்ளுவார். அவருக்கு எழுத்தில் கட்டளைகள் இருந்தன. இயந்திரம் பேசக் கூடாது. இயந்திரம் வெற்றிலை போடக் கூடாது. வாடிக்கையாளர் நலம் விசாரித்தால் இயந்திரம் பதில் சொல்லக் கூடாது.

ஐயனாருக்கு நெல் தூசு ஒத்துக்கொள்ளாது. தும்முவார்.

"என்னப்பா, சளியா?" என்று ஆச்சி பிளவில் வாயை வைத்துக் கேட்பார். உள்ளிருந்து மறுபடி ஒரு தும்மல். "சுக்குக் காப்பி போட்டுக் குடி" என்று பிளவு வழியாக ஒரு சுக்குத் துண்டைத் தள்ளிவிட்டுப் போவார். அன்றைய அறிக்கையில் ஐயனார் எழுதினார்: 'வாடிக்கையாளர் இயந்திரத்தில் சுக்கு செலுத்தினார். வரவு வைக்கத் தலைப்பு தெரிவிக்கவும்.'

தலைமை அலுவலகம் மகிழ்ந்தது. இரண்டு மாதத்தில் ஒருமுறைகூட 'இல்லை' சொல்லாத ஒரே இயந்திரம் எங்களுடையது. இவ்வளவு சிறப்பாக இயங்கும் இயந்திரத்துக்கு ஆள் எதற்கு என்று கேட்டு, ஐயனாரைச் சிக்கனம் கருதி வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் போகும்போது புத்தகமும் பணப்பெட்டியும் கூடவே போயின. அவை அவர் பெயரில் இருந்தன.

மறுநாள் காலையில் அட்டை செருகும் சத்தம் கேட்டது. உள்ளே யாரும் கிடையாது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் பச்சை எழுத்து வரும். மேலே என் தகப்பனார் பெயர். நான் நெல் அறைக்குள் ஓடி அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். ஆச்சியின் அட்டை. ஆச்சிக்கு எவ்வளவு இருக்கிறதோ, கடவுளுக்கும் காரைக்குடிக்கும்தான் தெரியும். என் சட்டைப் பையிலிருந்து இரண்டு நூறு ரூபாயை எடுத்துத் தள்ளினேன்.

"இன்னைக்குத் தும்மல் காணோம். சுக்கு கேட்டிருக்கு" என்றார் ஆச்சி.

அன்றிலிருந்து காலை பத்து முதல் ஐந்துவரை நான் இயந்திரமாக இருந்தேன். இரண்டு தலைமுறைக்குப் பாடம் சொன்னவன், வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்த நாட்களில்தான். வங்கிக்கு எழுதினேன். 'தங்கள் கடிதம் இயந்திரப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது.

விஷயம் பரவியது. களையெடுக்கும் கருப்பிக்கு எந்த வங்கியிலும் கணக்குக் கிடையாது. ரேஷன் அட்டையைச் செருகினாள். அட்டை அட்டைதானே! "மகளுக்குக் காதுகுத்து, ஒரு ஐம்பது தாங்க சாமி" என்று பிளவைப் பார்த்துக் கும்பிட்டாள். தள்ளினேன். அதன்பிறகு பால் அட்டை, நூலக அட்டை, ஒருவருக்கு வந்த கல்யாணப் பத்திரிகை எல்லாம் உள்ளே வந்தன. பணம் குறைந்த ஒரு நாள் அப்பளம் தள்ளினேன். வேறெதுவும் அந்தப் பிளவில் நுழையாது. வாங்கிக்கொண்டு போனார்களே தவிர ஒருவரும் குறை சொன்னது கிடையாது.

வங்கியின் பொன்விழாவில் எங்கள் இயந்திரத்துக்கு விருது அறிவித்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் காரில் வந்தார்கள். நான் உள்ளே இருந்தேன். வெளியே வர முடியாது, கூட்டம் அட்டையோடு நின்றது. லூர்து பிரகாஷின் குரல் நெல் அறைவரை கேட்டது.

"நூறு சதவீதச் சேவை! இதுல பெரிய அதிசயம் என்னன்னா, ஆறு மாசமா இந்த எந்திரம் வங்கிக் கணக்குலேர்ந்து ஒரு ரூபாகூட எடுத்துக்கல. பணத்தையும் கொடுக்குது, பணமும் குறையல. இதுதான் நவீனமயம். மனிதக் கை இதுல படவே இல்லை!"

அந்தக் கையால் நான் அப்போது பத்து ரூபாய் நோட்டு ஒன்றை நீவிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை சூசைமேரி பெட்டியைத் திறந்து காட்டினாள். "பென்சன் போச்சு, தேங்காய்ப் பணம் போச்சு. விருது வாங்கியிருக்கீகள்ல, இனிப் பதினெட்டு ஊரும் வரும். நாளைக்குக் கருப்பி மறுபடியும் வந்து கும்பிட்டா எதைத் தள்ளுவீக? என்னையத் தள்ளுவீகளா? நான் நுழைய மாட்டேன்."

அவள் சொன்னது சரி. ஒரு வாரம் தாங்கும். அதற்குள் இயந்திரம் போயாக வேண்டும். போகாவிட்டால் என் வாசல் அந்தச் சொல்லைச் சொல்லும், அதுவும் நானே உள்ளே உட்கார்ந்திருக்கும்போது.

விருது வாங்கிய பின் இயந்திரத்தை எடுக்க வங்கிக்குத் தயக்கம் போய்விட்டது. தலைமை அலுவலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைக்கப் போகிறார்களாம். லூர்து பிரகாஷ் படிவம் இருபத்தேழை நீட்டினார். "இடத்தின் உரிமையாளர் தன் கையால் ஒரு வரி எழுதணும் ஐயா. 'இயந்திரத்தை எடுத்துச் செல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை.' அவ்வளவுதான்."

நான் பேனாவை மூடினேன். 'எடுத்துச் செல்ல முழுச் சம்மதம்' என்று வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தது. 'மனமார விரும்புகிறேன்' என்று எழுதினேன். திரும்பி வந்தது. 'கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்' என்றும் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் கெஞ்சுவதற்குத் தடை கிடையாது, பழக்கம்தான் கிடையாது. அதுவும் வந்தது, ஒரு குறிப்போடு: 'விருப்பம் தெரிவிக்க இப்படிவத்தில் இடமில்லை. ஆட்சேபணையின் இன்மை மட்டுமே ஏற்கப்படும்.'

"மூணு தலைமுறையா வாசல்ல சொல்லாததை நான் எழுத்துல குடுக்கணுமா?" என்றேன்.

"கொண்டாங்க அதை" என்று சூசைமேரி படிவத்தைப் பிடுங்கினாள். "நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. எங்க ஆத்தா வீட்டுல இல்லைங்கிறதுக்கு வாய் கூசாது. கையா கூசப் போகுது?"

ஆனால் படிவத்தின் பின்பக்கம் ஒரு விதி இருந்தது. உரிமையாளர் உயிருடன் இல்லாத பட்சத்தில் மட்டுமே மனைவி கையெழுத்திடலாம். கீழே இரண்டு கட்டங்கள்: 'இருக்கிறார்', 'இல்லை'. சூசைமேரி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் பேனாவாலேயே இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தாள். நான் தடுக்கலாம். தடுத்தால் கருப்பி வந்துவிடுவாள்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. லூர்து பிரகாஷ் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், படிவத்தை நம்பினார். "ஐயா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றார். "உரிமையாளரை இழந்த வீடு. சத்தம் போடாம எடுக்கச் சொல்லியிருக்கேன்."

இயந்திரத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். தெருவில் ஆச்சியும் கருப்பியும் இன்னும் பத்துப் பேரும் நின்றார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியது. அப்போது லூர்து பிரகாஷ் முன்சீட்டிலிருந்து ஒரு பெரிய சம்பங்கி மாலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இடம் கொடுத்தவர் இறந்தால் வங்கியின் சார்பில் அஞ்சலி செலுத்துவது விதி. அதற்கு முன் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்பதும் விதி. பதிலைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பேனாவைத் திறந்துகொண்டு, என் முகத்துக்கு நேரே கேட்டார்.

"திரு ஞானசேகர் அவர்கள் இருக்கிறாரா?"

ஆம் என்றால் லாரி இயந்திரத்தை இறக்கும். மற்றதைச் சொல்ல வேண்டுமானால் நான் நிற்பது என் வாசல். தெருவே என் வாயைப் பார்த்தது. சூசைமேரி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கையை நீட்டினேன்.

"குடுங்க" என்றேன். "அவருட்ட சேத்துர்றேன்."

லூர்து பிரகாஷ் திருப்தியோடு தலையசைத்தார். "பெற்றுக்கொண்டவர் உறவுமுறை?"

"நெருங்கின சொந்தம்."

எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார். மாலையை என் கையில் கொடுத்து, ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றுவிட்டு, லாரியில் ஏறினார். நல்ல மாலை, கனமாக இருந்தது. இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நான் அதைத் தலைக்குமேல் கொஞ்சம் தூக்கினேன்.

சூசைமேரி காதோடு சொன்னாள், "கழுத்துல போட்டுறாதீக. லாரி முக்குத் திரும்புற வரைக்குமாச்சும் கையிலயே வச்சிருங்க."